இரும்புக் கட்டிலில் சுட்ட கோழி

நான் கல்யாணமாகி கெலமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தபோது, அந்த வீட்டின் பின்புறத்தில் ஓர் இரும்புக் கட்டில் கிடந்தது. கட்டில் என்றால் மனிதர் படுக்கிற கட்டில் இல்லை. கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம், அவ்வளவுதான். நாலு கால், மேலே வரிசையாகக் கம்பிகள், அடியில் தனியாகக் கழன்று வருகிற ஒரு தகரத் தட்டு. வெள்ளைக்காரர்கள் போன பிறகு ஓசூரில் ஏதோ ஒரு பங்களாவின் சாமான்களை ஏலம் போட்டார்களாம். வண்டிக்குக் கடையாணி வாங்கப் போன என் மாமனார், எல்லோரும் கை தூக்குகிறார்களே என்று தானும் தூக்கியிருக்கிறார். கடையாணி வாங்காமல் இதைத் தலையில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தாராம்.

எதற்கு ஆகும் என்று அவருக்கும் தெரியாது. முதலில் அதன்மேல் சாக்கைப் போட்டு, அடியில் கோழிக்குஞ்சுகளை அடைத்தார்கள். மழைக்காலத்தில் சேற்றுக்காலைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வர வாசற்படியில் போட்டார்கள். அதில் என் மாமியார் தடுக்கி விழுந்த பிறகு பின்புறத்துக்குப் போனது. ஒருநாள் புளி வாங்க வண்டியோடு வந்த வியாபாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "யஜமான்ரே, இது மாம்ஸா சுடோது!" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். பெங்களூரில் துரை வீட்டில் பார்த்திருக்கிறாராம். கறி சுடுவது என்று சொன்னவர், எப்படிச் சுடுவது என்று சொல்லாமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பேச்சு என் காதில் தேனாக விழுந்தது. நான் ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். என் அப்பா வீட்டில் கவுச்சி இல்லாத வாரம் கிடையாது. இங்கே வந்தால் என் மாமியார், பிள்ளைக்கு அம்மை போட்டபோது வேண்டிக்கொண்டு கவுச்சியை விட்டவர். அவர் கை படும் அடுப்பில் முட்டைகூட ஏறாது. மாரியம்மன் பண்டிகைக்குக் கொல்லைமேட்டில் மூன்று கல் வைத்து ஆண்கள் பொங்கித் தின்பதோடு சரி. மற்ற நாளெல்லாம் களியும் கொள்ளுக் குழம்பும்தான். கொள்ளைக் குறை சொல்லவில்லை, நல்ல தானியம். ஆனால் தினமும் தின்றால் எனக்கே வண்டி இழுக்கலாம் போல இருந்தது.

இப்போது வீட்டுக்கு வெளியே, மாமியார் அடுப்பைத் தொடாமல், கறி சமைக்க ஒரு வழி கிடைத்துவிட்டது. மாமனார் அந்த வாரமே சந்தையில் ஒரு கோழி வாங்கிவந்தார்.

"நானே சுடறேன். இது ஆம்பள வேல" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். புளியங்கட்டையை அடுக்கித் தீ மூட்டினார். கட்டிலின் கால் மறைகிற அளவுக்குத் தீ எரிந்தது. அதன்மேல் முழுக் கோழியைக் கிடத்தினார். கொஞ்ச நேரத்தில் கோழி, காக்கை நிறத்துக்கு வந்துவிட்டது. பிய்த்தால் உள்ளே ரத்தம்.

"மேல ராத்திரி, உள்ள விடியவேயில்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"கோழி கெழடு. அதான்" என்றார் மாமனார்.

நாய் வயிறாரத் தின்றது. அடுத்த தடவை, தீ பிடிக்கத் தாமதமாகிறது என்று மாமனார் சீமையெண்ணெயை ஊற்றினார். அந்தக் கோழியைத் தின்றுவிட்டு நாங்கள் விட்ட ஏப்பத்துக்குத் திரி போட்டிருந்தால் விளக்கு எரிந்திருக்கும். நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இந்தா, கேட்டுக்கோ. காசு குடுத்து வாங்குன கோழிங்க. இன்னொரு கோழி கரியாச்சுன்னா, இந்தக் கட்டிலு கொல்லன் பட்டறைக்குப் போவுது. ஏருக்குக் கொழு அடிச்சா உழவாவது உழுவலாம்" என்றார்.

சொன்னால் செய்கிறவர். கட்டில் போனால் எனக்கு மறுபடியும் வருசத்துக்கு ஒரு மாரியம்மன் பண்டிகைதான். அன்று இரவு களியை உருட்டி உருட்டி வைத்துக்கொண்டு அந்தக் கட்டிலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் வயலில் வலை விரித்துக் காடை பிடிப்பார். அவரிடம் மெதுவாகக் கேட்டேன், "ரெண்டு காடை எனக்குக் குடுங்களேன். சுட்டுப் பழகறேன்."

"அப்பாரு ஆம்பள வேலன்னு சொல்லிட்டாரே?"

"காடையும் ஆம்பளதான், போங்க."

சிரித்துவிட்டுக் கொடுத்தார். மாமனார் சந்தைக்குப் போன நாளாகப் பார்த்துத் தீ மூட்டினேன். முதல் காடை கம்பிகளுக்கு நடுவே நழுவித் தீயிலே விழுந்துவிட்டது. இரண்டாவதை மிளகாய்த்தூளில் நன்றாகப் புரட்டி வைத்தேன். மிளகாய் கருகி எழுந்த புகையில் எனக்கு இருமல், நாய்க்குத் தும்மல், பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏமம்மா, எவருக்குத் திருஷ்டி சுத்தறே?" என்று கேட்டார். யாருக்கு என்று சொல்வது? அவசரமாகத் தண்ணீரை ஊற்றித் தீயை அணைத்தேன்.

இன்னொரு நாள் வீட்டுக்காரரிடம் மறுபடியும் ஒரு காடை வாங்கி, தீயை மூட்டிவிட்டு அதைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து மாமியார், "ராகி இடிக்க வா" என்று கூப்பிட்டார். போகாமல் இருக்க முடியுமா? இடித்து, புடைத்து, திரும்பி வந்தால் தீ செத்துக் கிடக்கிறது. கொள்ளியெல்லாம் விழுந்து, வெள்ளைச் சாம்பல் பூத்த தணல் மட்டும் மிச்சம். சரி, இன்றைக்கும் நாய்க்குத்தான் என்று மனம் விட்டுப்போய், காடையைச் சும்மா மேலே வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பிறகு மெல்லச் சொய் என்றது. நான் திருப்பவில்லை. எதற்குத் திருப்ப வேண்டும், வேகாத கறிதானே என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு இடுக்கியால் தொட்டால், கம்பியில் ஒட்டாமல் தானாகக் கிளம்பி வந்தது. அடிப்பக்கம் பொன்னிறம். மறுபக்கமும் அப்படியே. வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று, உப்பைத் தொட்டு எலும்போடு கடித்துத் தின்றேன்.

எரிகிற தீயில் கறி வேகாது, அவிந்த தீயில்தான் வேகும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இதை மாமனாருக்கு எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசமாட்டாள். சோறு வேண்டுமா என்று கேட்பதானாலும் சுவரைப் பார்த்துக் கேட்பது, கன்றுக்குட்டியைப் பார்த்துக் கேட்பது. அவரும் அதைப் பார்த்தே பதில் சொல்வார். நான் சாதாரணமாகவே வாய் திறக்காதவள். அதனால் வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொன்னேன். மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நெருப்பு அவிஞ்ச பொறவு கோழி வேவுமாம்! அப்ப மழையில வெச்சா இன்னும் நல்லா வேவுமா?"

இந்தச் சமயத்தில் என் அப்பா என்னைப் பார்க்க ஊத்தங்கரையிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார். மாமனார் உடனே இரண்டு கோழிக்குச் சொல்லிவிட்டார். "சம்மந்திக்குத் துரைமாருங்க சாப்பாடு போடறேன் பாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மாமியார் பட்டறைக்கு ஆள் அனுப்பி, கொல்லன் மறுநாள் இருப்பானா என்று மட்டும் விசாரித்தார்.

அப்பா வந்து கை கால் கழுவிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். மாமனார் தீ மூட்டினார். அதே புளியங்கட்டை, அதே பெருந்தீ. நான் கோழிகளைப் பிளந்து, உப்பும் மஞ்சளும் தடவி, மிளகாயைப் புளித்தண்ணீரில் கரைத்துத் தனியாக வைத்திருந்தேன். கடைசியில்தான் தெளிக்க வேண்டும். அவர் இரண்டையும் வாங்கித் தீயின்மேல் போட்டுவிட்டு, மாமியாரின் புது முறத்தை எடுத்து விசிற ஆரம்பித்தார்.

நான் பக்கத்தில் படுத்திருந்த நாயைப் பார்த்துச் சொன்னேன், "டேய், கொள்ளிய வெளிய இழு. தணலு மட்டும் இருக்கட்டும்."

மாமனாரும் நாயைப் பார்த்தார். "டேய், இந்த ஊட்டுல கோழி சுடறது நானா, நீயா?"

"நீ சுட்டதெல்லாம் யாரு தின்னாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன் நாயிடம்.

"வாய மூடிக்கினு படு" என்றார் மாமனார்.

நாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டியது. என் அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன சம்மந்தி, உங்க ஊருல நாயிகிட்ட யோசன கேட்டுத்தான் சமைப்பீங்களா?" என்றார்.

அதற்குள் கோழியின் கொழுப்பு உருகித் தீயில் சொட்டியது. தீ குப்பென்று எழுந்து இரண்டு கோழிகளையும் சுற்றிக்கொண்டது. மாமனார் பதறிப்போய் இன்னும் வேகமாக விசிறினார். வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். அவர் கோழியைப் பார்க்கவில்லை. கட்டிலை, மேலும் கீழும், எத்தனை கொழு தேறும் என்று கணக்குப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை.

"மாமா! வெசுறாதீங்க! மொறத்தக் கீழ போடுங்க!"

என் அப்பா எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவின் தலை வேலிக்கு மேலே வந்தது. மாமனார் என் முகத்தை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தார். பார்த்த அதிர்ச்சியில் முறத்தைக் கீழேதான் போட்டார், ஆனால் தீயின்மேல். மூங்கில் முறம். படபடவென்று பற்றிக்கொண்டது.

"ஐயோ, எம் மொறம்!" என்றார் மாமியார்.

இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஈரச் சாக்கை எடுத்துக் கட்டிலின் காலைப் பிடித்து, கோழிகளோடு அப்படியே தூக்கி ஓரமாக வைத்தேன். மாமனார் மறுபக்கத்தைப் பிடித்தார். எரிகிற கட்டைகளை இடுக்கியால் இழுத்துப்போட்டேன். முறமும் எரிந்து ஓய்ந்தது. பிறகு காத்திருந்தோம். மாமனார், "இப்ப வெக்கலாமாம்மா?" என்று நேராகவே கேட்டார். "இல்லீங்க மாமா" என்றேன். திரும்பவும் கேட்டார். "இன்னும் இல்ல" என்றேன். அப்பாவின் வயிறு இரைவது எனக்கே கேட்டது. தணலின்மேல் வெள்ளை பூத்த பிறகு, கருகிய தோலைச் சுரண்டிவிட்டுக் கட்டிலை மேலே வைத்தோம். சொய் என்ற சத்தம் மெல்ல வந்தது. நான் கொத்தமல்லிக் கட்டால் புளிமிளகாய்த் தண்ணீரைத் தெளித்தேன்.

மாமனார் ஒரு தொடையைப் பிய்த்தார். பிய்த்த இடத்தில் வெள்ளையாக நார் பிரிந்தது. அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மென்றுகொண்டே இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார். பிறகு எல்லோரும் கை நீட்டினோம். வேலிக்கு மேலே நின்ற தலைக்கும் ஒரு துண்டு போனது.

மாமியார் கவுச்சியைத் தொடாதவர். ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அவரால் முடியாது. அதனால் எல்லோரும் எழுந்த பிறகு, எச்சில் இலைகளைத் தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். வெறும் எலும்பு. அதுவும் கடித்து உறிஞ்சின எலும்பு. கரித்துண்டு ஒன்றுகூட இல்லை. நாய் இலையை நக்கிவிட்டு, ஏமாந்த முகத்தோடு என்னைப் பார்த்தது.

நான் கட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து பக்கத்தில் நின்றார். மாமனாரைப் பேர் சொல்லாத குறையாகக் கத்தியதற்குத்தான் இப்போது திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"கொல்லங்கிட்ட, நாளைக்குக் கட்டிலு வரலன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"கோழி சுடணும்னா நீயே சுடு. அந்த மனுசங் கையில மட்டும் இனிமே மொறத்தக் குடுக்காத."