சேலையின் மறுமுனை

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஓண நேரம். திருவனந்தபுரம் சாலை பஜாருக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். மார்த்தாண்டத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள்.

என் வேலையால் வீட்டில் ஓயாத சண்டை. "கடைக்கு வாறவங்ககிட்ட எல்லாம் சிரிக்க. வீட்டுக்கு வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. இன்னையிலிருந்தே போவாண்டாம், வேலைய விட்டுரு" என்று ஒருநாள் காலையில் முடிவாகவே சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று கிடைத்த ஒரே இடம் அந்தக் கவுண்டர்தான். "வேலையையும் விடமாட்டேன், உங்களையும் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அன்று அவருக்கு லீவு. மதியம், ஊரிலிருந்து வந்த தங்கையைக் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கே வந்து நின்றார். "மைனி, அதை விரிங்க, இதை விரிங்க" என்று நாத்தனார் கேட்கக் கேட்க விரித்தேன். கவுண்டர் நிறைந்து வழிந்தது. கடைசியில் "ஒண்ணும் பிடிக்கல மைனி" என்று எழுந்துவிட்டாள். "அதுக்கென்ன, இன்னொரு நாள் வா" என்று சிரித்தேன்.

உட்கார ஸ்டூல் உண்டு. ஆனால் ஆள் இருக்கும்போது உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முகம் கறுத்துவிடும். விரித்ததை எல்லாம் மடித்து அடுக்கினால்தான் சாப்பிடப் போகலாம். கால் விண்விண்ணென்று தெறித்தது. மடிக்க ஆரம்பித்தேன்.

திடீரென்று சேலையின் மறுமுனை இழுபட்டது. பார்த்தால் இவர்! கவுண்டருக்குள் வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சூப்பர்வைசர் ஓடி வந்தார். "சேட்டா, கஸ்டமர் உள்ளில் கேறருது" என்று, உள்ளே வரக்கூடாதென மலையாளத்தில் தடுத்தார்.

"ஞான் கஸ்டமரல்ல, இவளுடெ பர்த்தாவாணு" என்று, தான் என் புருஷன் என்பதை இவரும் மலையாளத்திலேயே சொன்னார்.

பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பரோட்டா வீசும் கை பட்டில் தடுமாறியது. அவர் கோணல்மாணலாக மடித்ததையெல்லாம் பிறகு நான்தான் பிரித்து மடித்தேன், அது வேறு கதை.

போகும்போது மெல்லக் கேட்டார், "நாள் பூரா எப்படிட்டி சிரிச்சிட்டே நிக்க?"

"வீட்டுக்கு வரும்போது அது தீந்து போவுது. அதான்" என்றேன்.

ஓணம் முடிந்தது. வேலையை விடு என்ற பேச்சு மறுபடி வரவில்லை. நான் வீடு திரும்பியதும், அவர் இருந்தால் எனக்குப் பால் விடாத கட்டன்சாயா அவர் கையால்தான். சண்டை இப்போதும் உண்டு, வேறு காரணங்களுக்கு. ஆனால் ஒன்று நினைத்துக்கொள்வேன்: அன்று காலையில் சரி என்று தலையாட்டியிருந்தால், மறுமுனையைப் பிடிக்க அவருக்கு மனசு உண்டு என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.