படகு இன்னும் வரல

தி.நகரில் ஆட்டோவில் ஏறியதும் என் மடியிலிருந்த புத்தகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார் டிரைவர். நரைத்த தாடி, கழுத்தில் ஈரத்துண்டு. "இன்னா கதை மேடம்?"

ஸ்பெயின் ராஜாவை எதிர்த்த டச்சுக்காரர்கள் கதை என்றேன். ஒரு ஊரை ஸ்பெயின் படை வளைத்துவிட்டது, உள்ளே பட்டினி. வெளியே இருந்த டச்சுக்காரர்கள் கடல் தண்ணீரைத் தடுத்த கரைகளைத் தாங்களே வெட்டி, வயல்களை மூழ்கடித்து, அதன்மேல் படகு விட்டார்கள்.

"அவங்க கரைய அவங்களே வெட்டிக்கினாங்களா!" பாம், பாம். பிடித்த இடம் வந்தால் ஹாரன் அடிப்பார்.

தேனாம்பேட்டையில் பச்சை விழுந்தது. ஆட்டோ நகரவில்லை. பின்னால் ஒரே கூச்சல். அவர் தலையை வெளியே நீட்டி, "இரு நைனா, படகு இன்னும் வரல!" என்று கத்தினார்.

நான் அவசர அவசரமாகப் புயலை வரவழைத்து, ஸ்பெயின்காரர்களை ஓடவிட்டு, ரொட்டியும் மீனுமாகப் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தேன். நீளமாக ஒரு ஹாரன். கிளம்பினோம்.

மயிலாப்பூர் குளத்தருகே இறங்கும்போது கேட்டார்: "ஊரு பொழச்சிக்கிச்சு, சரி. முங்குன எடத்துல குடியிருந்தவங்கள எங்க இட்டுகினு போய் வுட்டாங்க? நானும் ஆத்தோரத்து ஆளு மேடம், அதான் கேக்கறேன்."

வீட்டுக்கு வந்து புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். படகில் வந்த மீன் என்ன மீன் என்றுகூட எழுதியிருக்கிறது. அவர் கேட்டவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.