பாசியம்மாவும் தெளிந்த ஏரியும்

நுண்ணோக்கியின் இரும்புத் தட்டில் நகத்தால் இரண்டு தட்டு தட்டுவாள். கதவைத் தட்டுகிறாளாம். "வீட்டுல யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை வைப்பாள். ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டு, அதற்குத்தான் இத்தனை மரியாதை.

குடிநீர் ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் பாசியம்மா. கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் பாசிகளில் எந்தக் கூட்டம் பெருகுகிறது, எது குறைகிறது என்று பார்த்து ஏரியின் உடம்பு எப்படி இருக்கிறதென்று சொல்வது அவள் வேலை. லத்தீன் பெயர்களைத் தலைகீழாகச் சொல்வாள். பேச்சில் வருவதென்னவோ வேறு. கண்ணாடி ஓடு போர்த்தியவை "மேனாமினுக்கிங்க". பச்சை உருண்டைகள் "நம்ம புள்ளைங்க". சாக்கடை கலக்கும் இடத்தில் கூடுகிறவை "ஓசிச்சோத்துக் கும்பல்". நீலப்பச்சைப் பாசி மட்டும் வெறும் "அவன்". "அவன் வந்துட்டா மத்தவங்க வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். விஷத்தை மடியில கட்டிக்கிட்டு வர்ற பய" என்பாள்.

பாசி கெடாமலிருக்கச் சேர்க்கும் அயோடின் பட்டு அவள் விரல்கள் பழுப்பேறியிருக்கும். சிகரெட் பிடிப்பவள் என்று நினைத்துப் பேருந்தில் பெண்கள் முகம் சுளிப்பார்கள். விருந்துக்குப் போன வீட்டில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அதைக் கேலி செய்யத் துணிந்த ஒரே ஆள் அவள் தம்பி. "அக்கா, குடிக்கட்டுமா, இல்ல உன் ஆளுங்களைக் கேட்டுட்டு வரட்டுமா?" என்பான். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் மருத்துவமனை இயந்திரம் அவன் ரத்தத்தைக் கழுவித் தருகிறது. கழுவும் தண்ணீரும் இதே ஏரியுடையதுதான்.

இந்தக் கோடையில் 'அவன்' ஏரியை வளைத்துக்கொண்டான். கரையெல்லாம் பச்சை பெயிண்ட் கொட்டியது போல் நுரைத்தது. ஏரிக் குழாயை மூடச் சொல்லிப் பொறியாளரிடம் மன்றாடினாள். "ஊருக்குத் தண்ணிய நிறுத்தினா என்னை நிறுத்திடுவாங்கம்மா" என்றார் அவர். பாவம், அவர் கையில் வேறு ஏரி இல்லை. பாசியைக் கொல்லும் மயில்துத்தத்தைப் படகில் ஏற்றித் தூவச் சொன்னார். சீக்கிரமே ஏரி தெளிந்தது. ஜனங்கள் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வகத்துக்கு இனிப்புப் பெட்டி வந்தது.

அவள் நகத்தால் தட்டி, "வீட்டுல யாரு?" என்று கேட்டுக் குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை. மினுக்கிகள் இல்லை, பிள்ளைகள் இல்லை. 'அவனும்' இல்லை, அவனுடைய வெடித்த தோல்தான் கிடந்தது. உயிரோடிருந்தவரை விஷம் பெரும்பாலும் அவன் மடிக்குள் இருந்தது. இப்போது மடி அவிழ்ந்து விஷம் தண்ணீரில் கரைந்துவிட்டது. காய்ச்சினாலும் போகாது. குடித்தவன் வயிறாவது கொஞ்சம் தாங்கும். ரத்தத்தோடு உரசினால் தாங்க எதுவுமில்லை. அலைபேசியை எடுத்தாள்.

"தெளிஞ்சதுக்கும் குறையாம்மா?" என்று பொறியாளர் அலுத்துக்கொண்டார். மருத்துவமனையில், தண்ணீரின் விஷத்தைப் பிடிக்கும் வடிகட்டியின் கரி பழசுதான், மாற்றச் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். பக்கத்து ஊர் மருத்துவமனையில் இடமில்லை. தம்பி மனைவியை அழைத்தாள்.

"இன்னிக்கு அவனைக் கூட்டிட்டுப் போகாதேம்மா."

"இப்பதான் மாட்டினாங்க அண்ணி. போன தடவை விட்டதுக்கே மூச்சு வாங்கிச்சு. இருங்க, பேசணுமாம்."

தம்பி சிரித்துக்கொண்டே பேசினான். "ஏரி பளிங்கு மாதிரி ஆயிடுச்சாமே! உன் ஆளுங்க சௌக்கியமா?"

"கழட்டச் சொல்லுடா. அந்தத் தண்ணி வேணாம்."



"கழட்டிட்டு எங்கக்கா போறது?" என்றான்.

இயந்திரத்திலிருந்து தம்பியைக் கழற்றும்வரை அவள் அலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எதையெதையோ பேசினார்கள். அவன் பேச்சு ஓய்ந்தபோதெல்லாம், அலைபேசியின் முதுகில் நகத்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.