அண்ணனின் இரத்தம் சொன்ன பதில்

அண்ணன் இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. மல்லசமுத்திரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா காலமானதும் படிப்பை விட்டு, குழாய் வெல்டிங்கை எக்ஸ்ரே போலக் கதிர்ப்படம் எடுத்துச் சோதிக்கும் வேலைக்குச் சேலம் போனார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தவரும் அவரே. அண்ணனுக்குக் கோபம் வராது. எனக்கு வரும். அதனால்தான் இதை நான் எழுதுகிறேன்.

அண்ணனைக் கொண்டுபோனது மாரடைப்பு. ஆனால் துக்க வீட்டிலேயே ஒருவர், "அந்தக் கதிருதானுங்க ஆளத் தின்னுருச்சு" என்றார். அந்தப் பேச்சு இப்போது அண்ணன் மகளின் புகுந்த வீடு வரை போயிருக்கிறது. அவள் மாசமாக இருக்கிறாள்.

நடந்தது இதுதான். அண்ணி அவளை வயிற்றில் சுமந்திருந்த சமயம். உடம்பு வாங்கிய கதிரை அளக்க அண்ணன் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ், சோதனையில் அளவுக்கு மீறிக் காட்டியது. வேலையை நிறுத்தி, இரத்தம் எடுத்து மும்பை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். உறவில் சிலர் கருவைக் கலைக்கச் சொன்னார்கள். அண்ணன் தனித் தட்டில் சாப்பிட்டு, மாட்டுக் கொட்டகைப் பக்கம் கட்டில் போட்டுக்கொண்டார். அண்ணி அவர் குடித்த டம்ளரை வாங்கி மீதிக் காப்பியைக் குடித்தார்.

விசாரிக்க வந்த அதிகாரி, பேட்ஜ் எங்கெங்கே இருந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அண்ணன் யோசித்து யோசித்துத் தலையைப் பிடித்துக்கொண்டார். அண்ணிதான் சொன்னார்: "ஏனுங்க சார், ஆயுத பூசைக்கு அந்தக் கதிர்ப் பெட்டி மேலதானுங்க பேட்ஜ வெச்சுப் பொட்டு வெச்சாரு. பூசைக்கு வெச்சத எடுக்கக்கூடாதுன்னு லீவு முடிஞ்சுதானுங்க எடுத்தாரு."

படம் எடுக்கும் கதிர்ப்பொருள் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும்; மூடியிருந்தாலும் மேலே கொஞ்சம் கசியும். லீவு முழுக்க அதன்மேல் கிடந்தால் பேட்ஜ் ஏறத்தான் செய்யும். அதிகாரி தலையாட்டினார். ஆனாலும், "பேட்ஜ் வாங்குச்சா, உடம்பு வாங்குச்சான்னு ரத்தந்தாம்மா சொல்லணும்" என்றார். அந்தக் காத்திருப்பில் அண்ணன் பாதி ஆளாகிவிட்டார்.

பதில் வந்தது. சேலத்து டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "எல்லார் ரத்தத்துலயும் இருக்கறதுதான் உங்க ரத்தத்துலயும் இருக்குது. கதிர் பட்டதுக்கு அடையாளம் இல்லைங்க. பட்டிருந்தாலும் இது தொத்தற நோவில்லை. வயித்துல இருக்கற குழந்தைக்கும் போகாது." அண்ணன் அழுததை அன்றுதான் பார்த்தேன். மறுநாளே கட்டிலை உள்ளே தூக்கிப் போட்டார்.

போன வாரம் அண்ணன் மகள் போனில் கேட்டாள்: "அத்தை, அப்பா உடம்புல நெசமா ஒண்ணுமில்லீங்களா?"

"இல்ல சாமி. இருந்திருந்தா உங்கப்பாவே உங்கிட்டச் சொல்லியிருப்பாரு."

அன்று துணை நின்ற டாக்டரம்மாவுக்கும், அண்ணனோடு வேலை செய்தவர்களுக்கும், கடைசி நாளில் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு நன்றி சொன்னால் அவர் என்னைத் திட்டுவார். அடுத்த மாதம் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. எல்லோரும் வாருங்கள். அண்ணனைப் பற்றி வாய் நிறையப் பேசுங்கள். கதிர்ப் பேச்சை மட்டும் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்.