பள்ளத்துக்கு மேல வச்ச குங்குமம்

என் தங்கச்சியத் திருமங்கலத்துல கட்டிக் குடுத்து ரெண்டு மாசம்கூட ஆகலை, மாப்ள புதுக் கார் எடுத்துட்டாரு. வெள்ளை வண்டி, கண்ணு கூசும். அவரோட அம்மா தெரு பூராம் சொல்லிக்கிட்டாக: "எல்லாம் எம் மருமக வந்த நேரம்." எங்கம்மா பூரிச்சுப் போச்சு. எனக்குத்தான் அது பிடிக்கல. நல்லதுக்கு நேரம்னு சொல்ற வாயி, நாளைக்கு ஒரு கெட்டது நடந்தா அதையும் அவ தலையிலதான கட்டும்?

இம்புட்டு யோசிக்கத் தெரிஞ்சவன் அந்த வண்டிய இரவல் வாங்காம இருந்திருக்கணும்ல? வாங்குனேன். எங்கம்மாவுக்கு முட்டுவலி. திருவாதவூர்ல சொந்தக்காரவுக வீட்டுக் காதுகுத்துக்குப் போகணும், பஸ்ஸுல ஏற முடியாது. மாப்ளயே, "எடுத்துட்டுப் போங்க மச்சான், நாளைக்கு மத்தியானம் குடுத்தாப் போதும்"னாரு.

அம்மா அங்கயே ஒரு வாரம் தங்குறேன்னுருச்சு. நான் மட்டும் திரும்பி வாரேன். காலையில இருந்து சித்திரை வெயிலு மண்டையப் பிளந்துச்சு, நாலு மணிக்குத் திடீர்னு வானம் கருகருன்னு கட்டிக்கிச்சு. ரெண்டு பக்கமும் அறுத்த வயக்காடு, ஒதுங்க ஒரு மரம் இல்ல. டொக்குன்னு கூரையில ஒண்ணு விழுந்துச்சு. எவனோ கல்லெறியிறான்னு நெனச்சேன். பெறகு கொட்டுச்சு பாருங்க ஆலங்கட்டி, நெல்லிக்காத் தண்டி! மழைன்னா எங்க பக்கம் கையெடுத்துக் கும்பிடுவோம். அன்னைக்கு நான் வண்டிக்குள்ள ஸ்டீயரிங்கக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "போதும் தாயி, நிறுத்து"ன்னு கத்துனேன். கண்ணாடி உடைஞ்சு மூஞ்சியில ஏறிருமோங்கிற பயம் கொஞ்சந்தான். வண்டிக்கு என்ன ஆகுதோங்கிற பயந்தான் பெருசு.

பத்து நிமிசத்துல நின்னுருச்சு. இறங்கிப் பார்த்தேன். கண்ணாடி தப்பிச்சிருச்சு. பேனட்டுலயும் கூரையிலயும் பள்ளம் பள்ளமா இருந்துச்சு. முப்பது வரைக்கும் எண்ணுனேன், அதுக்கு மேல எண்ணத் தெம்பில்ல. மண்டைக்குள்ள ஒரே சத்தம்: மருமக வந்த நேரம், மருமக வந்த நேரம்.

மறுநாக் காலையில, விளாங்குடியில எங்க வீட்டுக்குப் பக்கத்து டிங்கர் கடை திறக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னேன். கடைக்காரரு ஒரு டியூப்லைட்ட பேனட்டுக்கு மேல பிடிச்சு, தலையச் சாய்ச்சு, அதோட வெளிச்சம் எங்கெங்க நெளியுதுன்னு பார்த்தாரு.

"பெயிண்டு எங்கயும் விரிசல் விடலைண்ணே. உள்பக்கமாக் கம்பிய விட்டுக் கொஞ்சங் கொஞ்சமா நெம்பி எடுத்துரலாம். தடவிப் பார்த்தாலும் தெரியாது. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க."

"மத்தியானத்துக்குள்ள வேணும்ணே."

"அவசரத்துக்குச் சுத்தியல வச்சு அடிச்சா பெயிண்டு வெடிச்சிரும். அப்புறம் வண்டி இருக்கிற வரைக்கும் தெரியும், பரவால்லயா?"

மாப்ளைக்கு ஒரு போன் போட்டு, "ஆலங்கட்டி விழுந்துருச்சு மாப்ள"ன்னா முடிஞ்சுது. போனை எடுத்தேன், வச்சேன், எடுத்தேன், வச்சேன். பயந்துட்டா எனக்குப் புத்தி ஒழுங்கா வேலை செய்யாது. கிறுக்குப் பய, நேராப் பூக்கடைக்குப் போனேன். சந்தனம், குங்குமம், ரெண்டு முழம் பூ. ஒவ்வொரு பள்ளத்துலயும் சந்தனத்தை அப்பி நடுவுல குங்குமத்தை வச்சேன். பூசை போட்ட வண்டியில யாரு பள்ளத்தைத் தேடப் போறாக? ரெண்டு நாள் கழிச்சு ஏதாவது சாக்குச் சொல்லி வண்டிய வாங்கிட்டு வந்து டிங்கர்கிட்ட விட்டுரலாம்னு கணக்கு. வண்டி அம்மை போட்ட மாதிரி இருந்துச்சு. கூரைக்குக்கூட வச்சேன். எவனாவது கூரைக்குப் பொட்டு வைப்பானா? அப்பத் தோணல.

திருமங்கலத்துல மாப்ளயோட அம்மா வாசல்லயே நின்னாக. வண்டியப் பார்த்ததும் கன்னத்துல போட்டுக்கிட்டாக. "எந்தக் கோயில்ல தம்பி பூசை போட்டீக?"

"வர்ற வழியில... கருப்பசாமி கோயில்லம்மா." உளறிட்டேன்.

குங்குமத்தை எடுத்து நெத்தியில வைக்க மோதிர விரலை நீட்டுனாக. விரல் பள்ளத்துக்குள்ள இறங்குச்சு. அப்பிடியே நின்னாக. பக்கத்துப் பொட்டைத் தொட்டாக. அதுக்கு அடுத்ததையும் தொட்டாக. முந்தானையால சந்தனத்தை வழிச்சு விட்டுட்டு என்னய நிமிர்ந்து பார்த்தாக. என் வாயில இருந்து "ஆலங்கட்டி"ங்கிறது மட்டுந்தான் வெளிய வந்துச்சு.

"மழை பெஞ்சா மனுசன் என்ன தம்பி பண்ணுவான்? அதுக்குச் சாமிய ஏன் இழுத்தீக?"

வையப் போறாகன்னு நின்னேன். வையல. பின்னாடி வந்து நின்ன என் தங்கச்சி பக்கம் திரும்புனாக. "உங்கண்ணன் இம்புட்டுப் பயப்படுறாருன்னா, எங்களப் பத்தி அங்க நீ என்னத்தத்தான் சொல்லி வச்சிருக்க?"

அவ என்னயப் பார்த்தா. வண்டிய நானே டிங்கர் கடைக்குத் திருப்பி எடுத்துட்டு வந்தேன்.

டிங்கர் சொன்ன மாதிரியே ரெண்டு நாள்ல முடிச்சுட்டாரு. கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பார்த்தேன், ஒரு பள்ளம் தட்டுப்படல. வண்டியக் கொண்டு போய் விட்டுட்டு, தண்ணிகூடக் குடிக்காம பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டேன். தங்கச்சி போன் பண்ணுனா. குரலை அடக்கிப் பேசுனா.

"அண்ணே, நான் இவுகளப் பத்தி ஒரு வார்த்தை உங்கிட்ட சொல்லிருக்கேனா? திரும்பி வந்து அத்தைகிட்ட அதைச் சொல்லிட்டுப் போ."

சத்தியமா அவ ஒண்ணும் சொன்னதில்ல. ஆனா சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்ன வாயி இது. இப்பப் போய் நான் அவளுக்குப் பரிஞ்சு பேசுனா, அவதான் சொல்லச் சொல்லி அனுப்புனான்னு ஆகிராதா? போகலைன்னா, அந்த வீட்டுல அவ எம்புட்டு நாளைக்கு அந்தக் கேள்வியோட இருப்பா? மதுரை பஸ் வந்து நின்னுச்சு. ஏறவும் இல்ல, "வாரேன்"னு சொல்லவும் இல்ல.

"அண்ணே, இருக்கியா?"ன்னா.