இரண்டாவது குரல்

நண்பன் ஆஸ்திரேலியாவுக்குப் போன பிறகும் நான் பாட்காஸ்டை நிறுத்தவில்லை. பழைய டெஸ்ட் ஆட்டங்களைப் பற்றி நாங்கள் இருவரும் தமிழில் பேசிப் பதிவு செய்துவந்தோம். அவன் விமானம் ஏறிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சேலையூரில் என் வாடகை வீட்டுப் படுக்கையறை ஜன்னலில், தெருச் சத்தம் பதிவாகாமலிருக்க, போர்வையைத் தொங்கவிட்டுவிட்டு மைக் முன்னால் தனியாக உட்கார்ந்தேன்.

அவன் இருந்தவரை எங்கள் நிகழ்ச்சியே ஒரு சண்டைதான். நான் ஸ்கோர்கார்டு, அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தி எல்லாம் படித்துத் தயாராக வருவேன். அவன் எதையும் படிக்காமல் வந்து உட்கார்ந்து, "அதெல்லாம் விடு மச்சான், அந்த கேட்ச ஏன் விட்டான், அத சொல்லு" என்பான். எனக்குக் கோபம் வரும். கேட்பவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது.

அவர்களுக்காக போனில் ஒரு குரூப் இருந்தது. இந்தியா வெளிநாட்டில் டெஸ்ட் ஆடும் நாட்களில் டாஸ் போடுவதற்கு முன்பே அங்கே சண்டை தொடங்கிவிடும். யாரை எடுத்திருக்க வேண்டும், யாரை உட்காரவைத்திருக்க வேண்டும் என்று ஆளாளுக்குத் தேர்வாளராகிவிடுவார்கள். குரோம்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்பவரும் துபாயில் வேலை பார்ப்பவரும் ஒரே எல்.பி.டபிள்யூவுக்காக நாள் முழுக்க அடித்துக்கொள்வார்கள். நண்பன் போனபின் அந்தச் சத்தம் மெல்ல அடங்கியது. அங்கிருந்தே பதிவு செய்யலாம் என்று சொல்லியிருந்தான். ஓரிரு முறை முயன்றோம். நேர வித்தியாசம், அவனுக்குக் கைக்குழந்தை. "அடுத்த வாரம் பாக்கலாம்டா" என்பான். பிறகு அதைச் சொல்வதும் நின்றுபோயிற்று. குரூப்பில் காலை வணக்கப் படங்கள் மட்டும் வந்தன.

தனியாகப் பேசும்போது, அவன் குறுக்கிட்டிருக்கக்கூடிய இடங்களில் என்னை அறியாமல் நிறுத்தினேன். எடிட் செய்யும்போது அந்த இடைவெளிகளையெல்லாம் வெட்டி எடுத்தேன். எனக்குக் கேளம்பாக்கம் பக்கம் ஆபீஸ். அங்கே மீட்டிங்கில் பேசுவதைத் தவிர்த்தால், வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசியது அந்த மைக்கிடம் மட்டும்தான்.

அப்போதுதான் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நடுத்தர வயதுப் பெண்ணின் குரல்.

"சார், பம்மல்லருந்து பேசுறேன். எங்க வூட்டுக்காரரு உங்க புரோகிராம்தான் கேட்டுகினு இருப்பாரு. ஸ்ட்ரோக் வந்து படுத்துகினு கீறாரு. முன்ன ரெண்டு பேரு பேசுவீங்களே, அந்த இன்னொரு சார் ஏன் வர்றதில்லன்னு கேக்க சொன்னாரு."

அவன் வெளிநாடு போய்விட்டான் என்று பதில் அனுப்பினேன். "சரி சார், சொல்லிடறேன்" என்று வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மறுநாள், அவரை வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். நோயாளிக்கு ஆறுதலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் குரலைக் கேட்கும் ஒருவரின் முகத்தை நேரில் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

சனிக்கிழமை மதியம் பல்லாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன். சின்ன வீடு. தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். தலையணை அருகில் போன்.

"யார் வந்துகிறாரு பாரு. பாட்காஸ்ட் சார்" என்றார் அவர் மனைவி.

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் மலர்ந்தது. வலது கையைத் தூக்கி என்னை அருகில் அழைத்தார். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. "அந்த... கேட்ச... அத சொல்லு."

என்னை நண்பன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது புரியச் சற்று நேரமாயிற்று.

"அவர் இல்லீங்க. நான் இன்னொருத்தன்."

அவர் என்னைப் பார்த்தார். "ஓ. படிக்கிறவரு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மனைவியிடம் காபி போடச் சொல்லிச் சைகை காட்டினார்.

எடுக்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டே அங்கிருந்து நண்பனுக்கு போன் செய்தேன். உடனே எடுத்தான்.

"என்னடா, திடீர்னு?"

விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன். நலம் விசாரிக்கவே இல்லை அவன். நேராக, "சார், நீங்க சொல்லுங்க, அவன் நோ பால்தான போட்டான்?" என்று ஆரம்பித்தான். எந்த ஆட்டம் என்று அவன் சொல்லவில்லை. ஆனாலும் அவர் "இல்ல... இல்ல" என்று கட்டிலைத் தட்டினார். பாதி வார்த்தைகளை வைத்துக்கொண்டே அவனுடன் சண்டை போட்டார். அவன் சிரித்தான், அவரும் சிரித்தார். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்தபடி கதவருகே நின்றார். நான் காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். போன் என்னிடம் திரும்பி வந்தபோது அவன் வைத்துவிட்டிருந்தான்.

சில வாரங்கள் கழித்து மறுபடி போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"உங்க ஃப்ரெண்டு அன்னிக்கே எங்க நம்பர கேட்டு வாங்கிகினாரு, வாரா வாரம் போன் பண்ணிடறாரு சார்" என்றார் மனைவி. "பேசி முடிச்சா அன்னிக்கு பூரா நல்லா சாப்புடுறாரு."

என்னிடம் அவன் அதற்குப் பிறகு ஒரு முறைகூடப் பேசவில்லை. அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. ஆனாலும் எழுந்து செருப்பைத் தேடினேன்.

"குந்துங்க சார். வூடு அமைதியா கீதுன்னா உடனே முழிச்சிக்குவாரு. டாக்டரு நல்லா தூங்க வுட சொன்னாரு. எதுனா பேசிகினு இருங்க. நான் அரிசி களைஞ்சு வச்சிட்டு வந்துடறேன்."

"என்ன பேசறது?"

"உங்க கிரிக்கெட்டே பேசுங்க. எனக்கு கேக்கும்."

அந்த வாரத்துக்குத் தயார் செய்து வைத்திருந்த ஆட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். மழை, ஈரமான பிட்ச், ஐந்தாம் நாள் மாலை, தோல்வியைத் தவிர்க்க இன்னும் கொஞ்ச நேரம் நின்றாக வேண்டும். கடைசி ஜோடி சேர்கிறது. இருவரும் பந்துவீச்சாளர்கள், மட்டையைச் சரியாகப் பிடிக்கவே தெரியாதவர்கள். தூங்குபவரின் மார்பு சீராக ஏறி இறங்கியது.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஆடத் தெரியாதவங்கள ஏன் சார் அனுப்புறாங்கோ?"

"வேற ஆள் இல்லக்கா."

தண்ணீர்க் குழாயின் சத்தம் நின்றது.

"அப்புறம்?" என்றார்.

நான் சொன்னேன்.