ஹண்டர் மெக்கானிக்கின் சிவப்புக் கோடுகள்

ஆபரேஷன் முடியும் நேரத்தில் தட்டில் ஒரு கத்தரியின் இடம் காலியாக இருந்ததைப் பார்த்ததும், ராஜபாளையத்தில் இப்போது செல்போன் கடையாகிவிட்ட அப்பாவின் ஸ்கூட்டர் பட்டறையும், அதன் மண்ணெண்ணெய் வாசனையும், சுவரில் ஒவ்வொரு ஸ்பேனரையும் சுற்றி அவர் வரைந்திருந்த சிவப்புக் கோடுகளும் நினைவுக்கு வந்தன. விமானப்படையில் இருந்த காலமெல்லாம் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்த ஹண்டர் போர் விமானங்களைப் பழுதுபார்த்தவர் அப்பா. கோட்டுக்குள் ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் எந்த ஸ்கூட்டரையும் வெளியே விடமாட்டார்.

"ஒரு ஸ்பேனருக்கா இம்புட்டு நேரம்? ஸ்ரீவில்லிபுத்தூர்ல கல்யாணம்ணே!" என்று வண்டிக்காரர்கள் கத்துவார்கள்.

"ஹண்டருக்குள்ள ஒரு ஸ்க்ரூடிரைவர மறந்து வச்சா பைலட் திரும்பி வரமாட்டாரு. செத்த நேரம் உக்காருங்க" என்பார் அப்பா.

டாக்டர் ஊசியை எடுத்தார். "தையல் போடலாமா சிஸ்டர்?"

"கத்தரி கெடைக்கட்டும் டாக்டர்" என்றேன். "செத்த நேரம் நில்லுங்க."